முதுகுப்பாறைக்கு மேலே ஒரு நிலம்

வடகரைக்கு மேற்கே, மேக்கரையைத் தாண்டி மலை ஏறத் தொடங்கும் இடத்தில் ஜெயசித்ராவின் பெயரில் ஒரு நிலம் இருக்கிறது. மஸ்கட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் செவிலியராக வேலை பார்த்து, அந்த ஊதியத்தில் அவர் வாங்கியது. கிராம்பும் ஜாதிக்காயும் நிற்கும் நிலம். நடுவில் வீடு கட்டுவதற்கென்று ஒரு மேடு சமப்படுத்தப்பட்டிருக்கிறது. பட்டாவில் உள்ள பெயருக்குரியவர் மட்டும் அதைப் பார்த்ததில்லை.

அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்துவதற்காக அவருடைய கணவர் முத்துச்செல்வம் தம் ஜீப்பின் பின்னச்சைப் பலமுறை பிரித்துப் பூட்டினார். ஊரில் பலர் இதை ஒரு பைத்தியக்கார வேலையாகச் சொல்லிச் சிரித்தார்கள். அவர்கள் அறிந்தது அச்சைப் பற்றி மட்டுமே.

முத்துச்செல்வம் மேலகரத்துக்காரர். உடன்பிறந்தோர் எல்லாம் காக்கிச் சட்டைக்கும் பச்சைச் சட்டைக்கும் போய்விட, இவருக்கு மட்டும் ஆள்சேர்ப்பு முகாமில் உயரம் ஒரு விரற்கடை குறைந்தது. வெட்கத்தில் கொஞ்ச காலம் செங்கோட்டையில் போய் இருந்தார். அங்கே ஒரு பழைய ஜீப்பை வாங்கி, மலைத்தோட்டங்களுக்கு உரமும் ஆளும் ஏற்றிச் செல்லும் தொழிலைப் பிடித்துக்கொண்டார். உயரம் கேட்காத தொழில் என்று அதைச் சொல்லுவார். கீழப்பாவூரில் பெண் எடுத்தார்கள். ஜெயசித்ரா செவிலியர் படிப்பை முடித்திருந்தார். பிள்ளை இல்லை. முதலில் தென்காசியில் வேலை பார்த்தவர் பின்னர் மஸ்கட்டுக்குப் போனார். ஒரு வீடு கட்டும் வரைக்கும் என்று சொல்லித்தான் போனார்.

பள்ளிக்கூடம் மூடினால்தான் அவருக்கு விடுப்பு. அந்த நாட்டில் வெயில் உச்சத்துக்குப் போகும்போது மூடுவார்கள். நம் கணக்கில் அது ஆனியும் ஆடியும். அந்த இரண்டு மாதங்களில்தான் குற்றாலத்தில் சாரல் விழுகிறது. ஊர் முழுக்க ஈரத் துண்டும் எண்ணெய்ப் பிசுக்குமாக வெளியூர்க்காரர்கள் நடமாடுவார்கள். அருவியில் தண்ணீர் கொட்டக் கொட்ட, அதே மழை மேக்கரைக்கு மேலே போகும் செம்மண் பாதையைச் சோப்புக்கட்டி போல ஆக்கிவிடும். மனைவி ஊரில் இருக்கும் நாள்களில் நிலத்துக்குப் பாதை இல்லை. பாதை காய்ந்திருக்கும் நாள்களில் மனைவி ஊரில் இல்லை.

நிலம் வாங்கிய அடுத்த விடுப்பிலேயே இருவரும் நடந்து ஏறிப் பார்த்தார்கள். பாதி வழியில் ஜெயசித்ரா வழுக்கி விழுந்தார். கணுக்கால் முறிந்தது. முத்துச்செல்வம் அவரை முதுகில் சுமந்து இறங்கினார். தகடு வைத்துத் திருகாணி முடுக்கிய கால் அது. சமதளத்தில் குறையொன்றும் தெரியாது, செங்குத்தான ஏற்றம் மட்டும் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆகவே வண்டியில்தான் போக வேண்டும். வண்டியோ முதுகுப்பாறையில் நின்றுவிடும்.

பாதையின் குறுக்கே எருமையின் முதுகு போலப் படுத்துக் கிடக்கும் பாறை அது. அதில் ஏறும்போது வண்டி கோணலாகிவிடும். பின்சக்கரங்களில் ஒன்று பாறைமேல் அழுந்தி நிற்க, மற்றொன்று பள்ளத்தின்மேல் தொங்கும். முன்பக்கத்தில் இதற்கு நேர்மாறாக நடக்கும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிதான், இருந்தும் பயனில்லை. வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் கூடுதலாக ஓட வேண்டும், உட்பக்கச் சக்கரம் குறைவாக ஓட வேண்டும். இரண்டும் தத்தம் வேகத்தில் ஓடுவதற்காக அச்சின் நடுவில் டிஃபரன்ஷியல் என்னும் பற்சக்கரக் கூடு வைத்திருக்கிறார்கள். சாலையில் அது பெரிய உபகாரம். சேற்றில் அதுவே வினையாகும். எந்தச் சக்கரம் பிடிப்பில்லாமல் லேசாகச் சுற்றுகிறதோ, எஞ்சினின் வலுவெல்லாம் அதன் வழியே வீணாகும். தரையைப் பிடித்திருக்கும் சக்கரம் அசையாது நிற்கும்.

மலையில் தொலைபேசிக்கு அலைவரிசை கிடையாது. கோடையில் போகும்போதெல்லாம் முத்துச்செல்வம் படம் எடுத்து, மேக்கரைக்கு இறங்கியதும் அனுப்புவார். மஸ்கட்டிலிருந்து அழைப்பு வரும்.

"இது எந்தப் பக்கம்?"

"கெழக்கு."

"நேத்து அனுப்புனதும் கெழக்குதான?"

"அது வடக்குல்லா."

"எல்லாம் ஒரே பச்சையாத்தான் இருக்கு. மூலைக்கு மூல ஒங்க ஜீப்பு மூஞ்சி தெரியுது. அத வச்சுத்தான் நம்ம நெலம்னு நம்புதேன்."

சிரிப்புடன் சொல்லப்பட்ட சொற்கள். ஆனால் முத்துச்செல்வத்துக்கு அந்த இரவுகளில் தூக்கம் வராது.

ஒரு வருடம் அவர் துணிந்து ஒரு காரியம் செய்தார். டிஃபரன்ஷியலைத் திறந்து, உள்ளே இருந்த சிறிய பற்சக்கரங்களை ஒன்றோடொன்று அசையாதபடி வெல்டிங் வைத்து ஒட்டிவிட்டார். இனி இரண்டு பின்சக்கரமும் எப்போதும் சேர்ந்தேதான் சுற்றும். சேற்றில் வண்டி கெட்டிக்காரனாகிவிட்டது. ஏரிக்கரையில் ஏற்றிப் பார்த்தார், ஏறியது. அந்த மகிழ்ச்சியில், மனைவியை அழைத்துவரத் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு அந்த ஜீப்பையே எடுத்துக்கொண்டு போனார். கார் பிடித்துப் போகச் சொன்னவர்களின் பேச்சைக் கேட்கவில்லை. ஜெயசித்ரா கண்ணால் பார்க்க வேண்டிய முதல் பொருள் அந்த வண்டி என்று அவருக்குப் பட்டது.

திரும்பும் வழியில் மலைச்சாலை முழுக்க வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் வெளிச்சக்கரம் கூடுதலாக ஓட விரும்பும். ஒட்டிய பற்சக்கரம் விடாது. டயர் தாரில் தேய்ந்து அலறியது.

"ஏங்க, இது வண்டியா பன்னியா? திருப்பத்துக்குத் திருப்பம் இந்தக் கத்துக் கத்துது!"

"மலையில பாரு, எப்படி ஏறுதுன்னு."

"மலைக்குப் போறதுக்கு மொதல்ல வீட்டுக்குப் போகணும்லா?"

தென்மலையைத் தாண்டியதும் பின்னச்சு முறிந்தது. பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு இருவரும் பேருந்தில் வந்து சேர்ந்தார்கள். அந்தப் பழைய மாதிரிக்கு அச்சு தேடி அலைந்ததிலேயே அந்த விடுப்பு கழிந்தது. கிளம்பும் நாளில் ஜெயசித்ரா ஒன்றும் குறை சொல்லவில்லை. பெட்டியை மூடும்போது, "ரெண்டு மாசம் பூரா ஒங்க காலத்தான் பாத்தேன், வண்டிக்கு அடியில நீட்டிக்கிட்டு இருந்தத" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பின்னர்தான் விற்பனைப் பேச்சு எழுந்தது. ஜெயசித்ராவின் அண்ணன் சுடலைக்கண்ணு காவல்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், தென்காசியில் இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலகரத்துக்கு வந்து, போட்ட நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"மாப்ள, நான் ஒமக்கு எதிரியில்ல. கால்ல தகட்ட வச்சுக்கிட்டு நாள் பூரா நின்னு அடுத்தவம் புள்ளையளுக்கு மருந்து கட்டுதா. பாக்காத நெலத்துக்கு எதுக்கு இந்தப் பாடு? கேரளாக்காரன் ஒருத்தன் கெஸ்ட் ஹவுஸ் கட்டக் கேக்கான். குடுத்துட்டுத் தலமுழுகும்."

"குடுத்துட்டா அவ வந்துருவாளா மச்சான்?"

சுடலைக்கண்ணு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பதிலை ஜெயசித்ராவே தொலைபேசியில் சொன்னார். "அடுத்த லீவுல எப்படியாவது பாக்கேன். பாத்து மனசுக்கு ஒட்டுச்சுன்னா வச்சுக்கிடுவோம். அப்பவும் பாக்க முடியலன்னா அண்ணன் சொன்னபடி குடுத்துருவோம். குடுத்த பொறவு நான் அவசரப்பட்டு அங்கன வந்து என்ன செய்ய? இங்கன வேலைய நீட்டிக் குடுக்கத் தயாராத்தான் இருக்காவ."

முத்துச்செல்வத்துக்குப் புரிந்தது. நிலம் போனால், மனைவி திரும்பி வருவதற்கு இருக்கும் ஒரே காரணமும் போய்விடும். அவர் தம்மை ஒரு காரணமாகக் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை. அத்தனை காலம் தனியாகச் சோறு பொங்கித் தின்றவருக்கு அந்தத் தைரியம் இல்லை.

பூட்டு வேண்டும், அது திறக்கக்கூடிய பூட்டாகவும் இருக்க வேண்டும். இந்த எண்ணத்துடன் அவர் தென்காசியில் ஹைருன் பீவியின் லேத்துப் பட்டறைக்குப் போனார். கணவர் காலமான பிறகு பட்டறையை விற்றுவிடாமல் தாமே நின்று நடத்துபவர் ஹைருன் பீவி. முக்காட்டின் மேல் கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு, முத்துச்செல்வம் மரத்தில் செதுக்கிக் கொண்டுவந்த மாதிரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன தம்பி, பம்பரமா?"

"வளையம்க்கா. வலது அச்சுல மாட்டி நகரணும். லீவர இழுத்தா உள்ள போயி டிஃபரன்ஷியல் கூட்டுல சிக்கிக்கிடணும். அப்பம் ரெண்டு சக்கரமும் ஒண்ணாச் சுத்தும். விட்டா வெளிய வந்துரணும்."

"எதுக்கு?"

அவர் சொன்னார். ஹைருன் பீவி முழுவதையும் கேட்டுவிட்டு மாதிரியை மேசைமேல் வைத்தார்.

"அந்த ராசா பொண்டாட்டி செத்த பொறவு பளிங்குல கட்டுனான். நீ உசுரோட இருக்கும்போதே இரும்புல செய்யுத. அந்தமட்டுக்குத் தேவல. ஆனா சொல்லிட்டேன், ஒன் ஒருத்தன் வேலைக்காக லேத்த நிறுத்தி வைக்க மாட்டேன். சும்மா கெடக்கிற நேரத்துல கடஞ்சு தாரேன்."

அந்தச் சும்மா கிடக்கிற நேரங்கள் கார்த்திகை முதல் சித்திரை வரை நீண்டன. முதல் வளையத்தில் பற்கள் அளவு பிசகாமல் கச்சிதமாக இருந்தன. அதுவே குற்றமாயிற்று. கூட்டின் வாயில் வெட்டிய காடிப் பள்ளங்களுக்கு நேராகப் பற்கள் வந்து நின்றால்தான் அது உள்ளே போகும்; அப்படி நேராக நிற்கவே நிற்காது. காடிகளை அகலப்படுத்தினார்கள். இரண்டாம் வளையம் உடனே சிக்கியது. ஆனால் அது மெத்தென்ற இரும்பு. சுமை வந்ததும் பற்கள் மழுங்கி வெல்லக்கட்டி போலாகிவிட்டன.

"லாரி அச்சு ஒண்ணு ஒடஞ்சது கெடச்சா கொண்டா. அந்த இரும்புதான் இந்தப் பாட்டத் தாங்கும்" என்றார் ஹைருன் பீவி.

செங்கோட்டைப் பழைய இரும்புக் கடையில் அப்படி ஒன்று அகப்பட்டது. அதைக் கடைந்து, பல் வெட்டி, பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தபோது முத்துச்செல்வத்தின் முன்கையில் கொப்புளம் போட்டது. அன்று மாலை வீடியோ அழைப்பில் அதை மறைக்கச் சட்டைக் கையை இறக்கிவிட்டிருந்தார்.

"என்ன, முழுக்கையா? அங்கன குளுருதா?" என்றார் ஜெயசித்ரா.

"லேசா."

"பங்குனியிலயா? கையத் தூக்குங்க பாப்போம்."

செவிலியரிடம் புண்ணை மறைப்பது நடக்கிற காரியம் அன்று. கையைத் தூக்கிக் காட்டினார்.

"சமையல்ல சுட்டுட்டு."

"சமையல்ல இம்புட்டு அகலத்துக்குச் சுடாது. மறுபடியும் அச்சா?"

முத்துச்செல்வம் தலையாட்டினார்.  என்ன களிம்பு போட வேண்டும் என்று ஜெயசித்ரா சொன்னார். கடைசியில், "இந்தத் தடவ ஏர்போர்ட்டுக்குக் கார்ல வாங்க" என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தார்.

வளையத்தைத் தள்ளுவதற்கு ஒரு பழைய கியர்ப் பெட்டியில் இருந்த கவட்டை போன்ற துண்டு உதவியது. அதிலிருந்து ஒரு கம்பி வடம் ஓட்டுநர் இருக்கையின் பக்கத்தில் பொருத்திய நெம்புகோலுக்கு வந்தது. இரண்டு சக்கர வண்டியின் கிளட்சு வடம் இழுத்து இழுத்து நீண்டுபோகவே, கைப்பிரேக்கின் தடித்த வடத்தை மாட்டினார். வைகாசியில் மேலகரத்துக் குளம் வற்றிக் கிடந்தது. அங்கே ஒரு குழி தோண்டி, ஒரு பின்சக்கரம் அதில் தொங்கும்படி வண்டியை நிறுத்தினார். எஞ்சினை முடுக்கியதும் தொங்கிய சக்கரம் காற்றில் சுழன்றது. நெம்புகோலை இழுத்தார். வண்டியின் அடிவயிற்றில் ஒரு சத்தம் கேட்டது. வண்டி குழியைவிட்டு எழுந்து நடந்தது. நெம்புகோலை விடுவித்து, குளத்தைச் சுற்றி வட்டம் போட்டார். டயர் முனகக்கூட இல்லை. தனியாக உட்கார்ந்து பக்கத்து இருக்கையைத் தடவிப் பார்த்தார். அதன் உறை கிழிந்திருந்தது. அன்றே புது உறை தைக்கக் கொடுத்தார்.

ஜெயசித்ரா வந்து இறங்கிய வாரத்தில் சாரலும் இறங்கியது. மழை வெறிக்கும், வானம் தெளியும் என்று முத்துச்செல்வம் தினமும் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் காலையில் ஜெயசித்ரா செருப்பை மாட்டிக்கொண்டு தாமாகவே போய் ஜீப்பில் உட்கார்ந்தார்.

"மழ விட்டாத்தான் போவீயன்னா, லீவுதான் முடியும். எடுங்க."

சுடலைக்கண்ணுவும் உடன் வந்தார். மேக்கரைத் தேநீர்க் கடையில் இறங்கிக்கொண்டார்.

"நான் இங்கனயே இருக்கேன் மாப்ள. டிராக்டர்க்காரன்ட்ட சொல்லி வச்சிருக்கேன். ஒரு மணி நேரம் பாப்பேன். இறங்கி வரலன்னா கயித்தோட வாரோம்."

"கயிறு வேண்டாம் மச்சான்."

"போன தடவ தென்மலையில இப்படித்தான் சொன்னீரு."

"வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருண்ணே" என்றார் ஜெயசித்ரா.

முதுகுப்பாறை நனைந்து கறுத்துக் கிடந்தது. வண்டி ஏறியது, சாய்ந்தது, நின்றது. பழகிய அதே இடம். பள்ளத்தின்மேல் தொங்கிய சக்கரம் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு சுழன்றது. ஜெயசித்ரா முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். முத்துச்செல்வம் நெம்புகோலை இழுத்தார். சிக்கவில்லை. பல்லுக்கு நேராகப் பல் நின்றுவிட்டது.  ஆக்சிலேட்டரை விட்டு, வண்டியை ஒரு சாண் பின்னால் வழியவிட்டு, மறுபடி இழுத்தார். சத்தம் கேட்டது. பாறைமேல் அசையாதிருந்த சக்கரம் மெல்ல உருண்டது. ஒரு மூச்சில் வண்டி முதுகுப்பாறையைக் கடந்துவிட்டது.

ஜெயசித்ரா கண்ணைத் திறந்து பின்னால் திரும்பிப் பார்த்தார். "தாண்டியாச்சா?"

"தாண்டியாச்சு."

"இதுக்கா இத்தன வருசம்?" என்றார். கேலியாகத் தொடங்கிய குரல் முடியும்போது வேறாக இருந்தது.

மேட்டில் வண்டியை நிறுத்தி இறங்கினார்கள். முத்துச்செல்வம் கையை நீட்டினார். நீட்டிய கையின் விரல்களே மங்கலாகத் தெரிந்தன. மலை முழுவதையும் மேகம் மூடியிருந்தது. அருகே ஒரு கிராம்பு மரத்தின் அடி தெரிந்தது. அதன் தலை தெரியவில்லை. அதற்கு அப்பால் வெள்ளை.

மழைக்காலத்தில் அவர் ஒருபோதும் இங்கே வந்ததில்லை, வர முடிந்ததில்லை. பாதையைப் பற்றியே நினைத்து நினைத்து, ஏறியபின் என்ன தெரியும் என்று அவர் எண்ணிப் பார்க்கவே இல்லை.

"அங்கனதான் மேக்கர அண. அதுக்கு அந்தாக்குல வடகர வயக்காடு. இப்பம் வெறிச்சிரும். கொஞ்சம் நில்லு."

நின்றார்கள். வெறிக்கவில்லை. காற்று வந்து ஒரு திரையை விலக்கியது; பின்னால் மற்றொரு திரை நின்றது. முத்துச்செல்வம் தம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எது மழை நீர், எது மற்றது என்று ஜெயசித்ரா கேட்கவில்லை.

"ஏங்க, கெழக்கு மூலக் கல்லு எங்கன இருக்கு?"

"அந்தால."

"அங்கன போயி சத்தம் குடுங்க."

"என்னது?"

"போயி நின்னு என்னயக் கூப்பிடுங்க. கேட்டுப் பாக்கேன், எம்புட்டுத் தூரம்னு."

அவர் நடந்தார். சிறிது தூரத்தில் மேகம் அவரை எடுத்துக்கொண்டது. ஈரச் சருகில் காலடி ஓசை குறைந்து நின்றது. பிறகு குரல் வந்தது.

"ஏட்டி, சித்ரா! இதான் கெழக்கு! கேக்குதா?"

"கேக்குது!"

தொலைபேசியில் வருடக்கணக்காக இவர்கள் கேட்டுக்கொண்ட கேள்வியும் பதிலும் இவைதாம். ஜெயசித்ரா குரல் வந்த திசையில் முகத்தைத் திருப்பி வைத்திருந்தார். அடுத்து முத்துச்செல்வம் வடக்கிலிருந்து அழைத்தார். அங்கே பாறை இருப்பதால் குரல் தடித்து வந்தது. மேற்கு மூலைக்கு அவர் போய்ச் சேர வெகுநேரம் ஆயிற்று. அங்கிருந்து வந்த குரல் மெலிந்திருந்தது. மழையின் ஓசையில் பாதி கரைந்தது. 

"சித்ரா! கேக்குதா?"

"கேக்குது! வாங்க!"

அவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். ஜெயசித்ரா கிராம்பு மரத்தில் ஒரு கையை ஊன்றி நின்றிருந்தார். முன்னெற்றி மயிரிலிருந்து நீர் சொட்டியது.

"பெருசாத்தான் இருக்கு."

"தெளிஞ்சா இன்னும் பெருசாத் தெரியும்."

"எப்பம் தெளியும்?"

"ரெண்டு மழயும் முடியணும். தையில வந்தா தென்காசிக் கோபுரம் வரைக்கும் தெரியும்."

தை மாதத்தில் மஸ்கட்டில் பள்ளிக்கூடம் நடக்கும். இது இருவருக்கும் தெரியும். வேலையை விட்டால் ஒழியத் தையில் அவரால் ஊருக்கு வர இயலாது. முத்துச்செல்வம் பார்வையைத் தாழ்த்தி, செருப்பில் ஒட்டிய மண்ணை ஒரு கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பம் தையில வாரேன்" என்றார் ஜெயசித்ரா.

"லீவு குடுக்க மாட்டாவளே."

"கேக்கப் போறதில்ல."

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஜெயசித்ரா மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒங்கண்ணன்ட்ட என்ன சொல்ல?"

"நான் சொல்லிக்கிடுதேன்." ஜெயசித்ரா நெற்றியில் வழிந்த நீரைத் துடைத்துக்கொண்டார். "தெக்கு பாக்கி இருக்குல்லா. போயி சத்தம் குடுங்க."

முத்துச்செல்வம் மீண்டும் மேகத்துக்குள் நடந்தார்.